கேளுங்கள், சொல்கிறேன்: சின்டர்கிளாஸும் கரி பூசிய முகமும்

நவம்பர் நடுவில், பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ், அதாவது புனித நிக்கலாஸ், கப்பலில் வந்து இறங்கினால், நெதர்லாந்து வாசகர்களின் கடிதங்களும் கூடவே வந்து இறங்கும். முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருப்பவள் என்பதால் ஆசிரியர் அவற்றை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அக்கா, நாங்கள் உட்ரெக்ட்டுக்கு வந்து இரண்டு வருடம். பக்கத்து வீட்டு அம்மா காட்டிய பழைய ஆல்பத்தில் சின்டர்கிளாஸைச் சுற்றி நிற்கும் ஆட்கள் எல்லாரும் முகம் முழுக்கக் கறுப்புப் பூசியிருக்கிறார்கள். கேட்டால், "புகைபோக்கிக்குள் இறங்கியதால் ஒட்டிய கரி" என்கிறார். நம்பலாமா?

தங்கச்சி, அந்த அம்மா பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் தனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறார். ஆனால் அந்த ஆல்பத்தை இன்னொரு தடவை வாங்கிப் பாருங்கள். புகைபோக்கியில் இறங்கியவனின் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் ஒரு பொட்டுக் கரியாவது இருக்கிறதா? வெல்வெட் சட்டை பளபளக்கிறது, தொப்பியில் இறகு ஆடுகிறது. கரி உதட்டைச் சிவப்பாக்குமா? தலைமுடியைச் சுருட்டிவிட்டுக் காதில் தங்க வளையமும் மாட்டுமா?

இந்த உருவத்தின் பெயர் ஸ்வார்ட்டெ பீட், அதாவது கறுப்புப் பீட். ஆதிகாலத்து வழக்கம் என்று பலர் சத்தியம் செய்வார்கள். உண்மையில் இன்றைய உருவம் பெரும்பாலும் 1850ஆம் ஆண்டுச் சரக்கு. ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் அந்த வருடம் வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில், புனித நிக்கலாஸ் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார். கூடவே ஒரு கறுப்பு வேலைக்காரன். அவனுக்கு அங்கே பெயர்கூட இல்லை. பீட் என்ற பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. நீராவிக் கப்பலே அன்று புதிய விஷயம், பாருங்கள்!

அந்தப் புத்தகம் வந்தபோது தென் அமெரிக்காவின் சுரினாமில் ஒல்லாந்தரின் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1863 ஜூலை 1ஆம் திகதி. அதற்குப் பிறகும் விடுதலையானவர்களில் பெரும்பாலானோரைப் பத்து வருடம் தோட்டங்களிலேயே கட்டிப்போட்டது அரசு. வெள்ளைக் குதிரையில் வெள்ளைக் கிழவர், பக்கத்தில் மூட்டை சுமக்கும் கறுப்பு ஆள் என்ற படத்தை அந்தக் காலத்தவர் வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை.

நிறத்தோடு கதை முடியவில்லை. கிழவர் அறிவாளி, பீட் கோமாளி. கிழவர் நல்ல டச்சு கதைப்பார். பீட் வேடம் போட்டவர்களோ சுரினாம்காரர் கதைப்பதுபோல இழுத்து இழுத்துக் கதைத்துச் சிரிப்பூட்டுவார்கள். குழப்படி செய்யும் பிள்ளையைச் சாக்கில் போட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகிறவனும் பீட்தான்.

இதை அரசாங்கம் தடை செய்துவிட்டதா? இப்போதெல்லாம் எங்கள் ஊரில் முழுக் கறுப்பு முகத்தைக் காணவே முடிவதில்லை. — டென் ஹாக் மாணவர்

தடையே இல்லை, தம்பி. 2014இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று இது இழிவான சித்திரிப்பு என்றது. அதே வருடம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு போய்விட்டது: ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கும் மேயர் பொது அமைதியைப் பார்க்கலாமே தவிர, வேடம் நல்லதா கெட்டதா என்று பார்க்க முடியாதாம்.

மாற்றியது தெருவில் நின்றவர்கள். 2011இல் டோர்ட்ரெக்ட்டில் "ஸ்வார்ட்டெ பீட் என்பது இனவாதம்" என்று எழுதிய சட்டையோடு நின்றதற்காக குவின்சி காரியோ, ஜெர்ரி அஃப்ரியி என்ற இரண்டு கலைஞர்களைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனது. சட்டைக்குக் கைது! 2017இல் டொக்கும் ஊருக்கு எதிர்ப்புக் காட்டப் போனவர்களின் பஸ்களைக் கறுப்புப் பீட்டின் ஆதரவாளர்கள் நெடுஞ்சாலையிலேயே மறித்தார்கள். மறித்தவர்களில் 34 பேருக்குப் பிறகு தண்டனை கிடைத்தது. அப்புறம் 2019இல் ஆபெல்டோர்னில் நடந்த தேசிய வரவேற்பில் கன்னத்தில் நாலு கரிக்கோடு மட்டும் இழுத்த பீட்கள்தான் வந்தார்கள். அப்போதைய பிரதமர் ருட்டே, "பீட் கறுப்புத்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 2020இல் கறுத்தப் பிள்ளைகள் படும் வேதனையைக் கேட்டபின் தன் எண்ணம் மாறியது என்றார். ஏழெட்டு வருடம் பிந்தித்தான். சரி, மாறினாரே.

பெப்பர்நோட்டன் என்று சின்ன பிஸ்கட் எறிகிறார்களே, அதில் மிளகு இருக்கிறதா? — ரொட்டர்டாம் வாசகி

நீங்கள் பொறுக்கித் தின்றது அநேகமாகக் குருய்ட்நோட்டன் என்ற வேறொரு பிஸ்கட். எல்லாரும் பெயரை மாற்றித்தான் சொல்கிறார்கள். கறுவா, கிராம்பு, சாதிக்காய் மணக்கும். கறுவா எங்கே இருந்து வந்தது என்று ஒல்லாந்தரிடம் கேட்டால், அது வேறு பெரிய கதை.

வந்த இடத்தில் அவர்களுடைய பண்டிகையைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? குழந்தைகளின் சந்தோஷத்தில் ஏன் மண் போடுகிறீர்கள்? — ஐந்தோவன் வாசகர்

அண்ணை, முதலில் குரல் கொடுத்தவர்களில் பலர் இந்த நாட்டின் குடிமக்கள். ஒல்லாந்தர் ஆண்ட சுரினாமிலும், கரீபியன் தீவான கியூரசாவிலும் வேர் உள்ளவர்கள். அவர்களுடைய பண்டிகையும்தான் இது.

சந்தோஷத்தைப் பற்றி எனக்குத் தெரியும். 1996இல் என் மகனுக்கு ஆறு வயது. இரண்டு இரவு கண் விழித்து ஊதா நிறத்தில் பீட் உடுப்பு தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிசையாக மை பூசினார்கள். இவன் முறை வந்ததும் பூசிக்கொண்டிருந்த பெண், "இவனுக்குப் பூசத் தேவையில்லை, மை மிச்சம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தப் பெண் கெட்டவர் இல்லை, எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர்.

பண்டிகை முடிந்து டிசம்பர் 6ஆம் திகதி மற்றப் பிள்ளைகள் முகம் கழுவிவிட்டுப் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். என் மகனை மட்டும் பெப்ரவரி வரைக்கும் "பீட்" என்று கூப்பிட்டார்கள். (கல்யாணப் பேச்சில் "பெட்டை கொஞ்சம் நிறம் குறைவு" என்று முகம் சுளிக்கும் நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டுவதிலும் ஒரு கூச்சம் இருக்கிறது. இருந்தாலும் திட்டுகிறேன்.)

போன வருடம் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னத்தில் இரண்டு கரிக்கோடுகளோடு வந்தான். தகப்பனைப் போலவே நிறம். அந்த நிறத்திலும் கரி கரியாகத் தனியே தெரிந்தது. சப்பாத்துக்குள் சின்டர்கிளாஸின் குதிரைக்குக் கரட் வைத்தான், பாட்டைக் கத்திப் பாடினான், முகத்தைத் துடைக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்து அப்படியே தூங்கிப்போனான். காலையில் தலையணை உறையைத் தோய்த்தது நான்தான்.