இடுப்புப் பகுதி சிபிசிடி மங்கலாக வருகிறதா? எம்.ஏ.எஸ்ஸைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் லினாக்கில் (கதிர்சிகிச்சை இயந்திரம்) தலை, கழுத்துப் பகுதி சிபிசிடி (கூம்புக்கதிர் சிடி) படங்கள் நன்றாகவே வருகின்றன. இடுப்புப் பகுதிப் படங்கள் மட்டும் சில மாதங்களாக மோசமாகி வருகின்றன. மெல்லிய வளையங்கள் தெரிகின்றன, படத்தின் நடுப்பகுதி கருத்துப்போகிறது, புராஸ்டேட்டுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான எல்லை பிடிபடுவதில்லை. எம்.ஏ.எஸ்ஸைக் (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) கூட்டினால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். எம்.ஏ.எஸ்ஸைக் கூட்டினால் இரைச்சல் மட்டுமே குறையும், அதுவும் கொஞ்சம்தான். இரைச்சல் எம்.ஏ.எஸ்ஸின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறுவதால், எம்.ஏ.எஸ்ஸை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். அதற்கு விலையாக நோயாளிக்குப் படமெடுப்பில் சேரும் டோஸ் இரட்டிப்பாகும், சிகிச்சை முடியும்வரை தினமும். வளையங்களும் நடுக்கருமையும் அப்படியே இருக்கும். ஆகவே எம்.ஏ.எஸ் கடைசியில் தொட வேண்டியது.

தலைப் படம் நன்றாக இருக்கிறது, அதனால் இயந்திரத்தில் குறையில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தலைக்குப் பேனல் (கதிரைப் பதிவுசெய்யும் தட்டு) நடுவில் நிற்கும். முழு பௌ-டை ஃபில்டர் (உடலின் ஓரங்களுக்குச் செல்லும் கதிரைக் குறைக்கும் வடிகட்டி), சுமார் 200 டிகிரி சுழற்சி, 100 கேவி குழாய் மின்னழுத்தம். இடுப்புக்குப் பேனல் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். அரை பௌ-டை, முழு 360 டிகிரி, 120 அல்லது 125 கேவி. பேனல் நிற்கும் இடமும் ஃபில்டரும் மாறும்போது அளவுத்திருத்தக் கோப்பும் மாறுகிறது. ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முதலில் இரண்டு முறைகளுக்கும் அளவுத்திருத்தம் செய்த தேதிகளைப் பாருங்கள்.

அடுத்து, கேட்ஃபான் ஃபேன்டத்தை (படத்தரத்தைச் சோதிக்கும் உருளை) நோயாளிக்குப் பயன்படுத்தும் அதே இடுப்பு புரோட்டோகாலில் (ஸ்கேன் அமைப்புகளின் தொகுப்பு) ஸ்கேன் செய்யுங்கள். ஒப்பிட வேண்டியது ஏற்புச் சோதனையின்போது பதிவான அடிப்படை மதிப்புகளோடுதான். திட்டமிடல் சிடி படத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சிபிசிடியும் தோற்கத்தான் செய்யும். சீர்மைப் பகுதியில் நடுவில் ஒன்று, ஓரங்களில் நான்கு என வட்டங்கள் வைத்துச் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணையும் (சிடி படத்தில் பொருளின் அடர்த்தியைக் காட்டும் அளவு) திட்டவிலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேட்ஃபானின் விட்டம் 20 செ.மீ.; இடுப்பின் பக்கவாட்டு அகலம் 35 முதல் 40 செ.மீ. வரை போகும். உடலில் பட்டுத் திசைமாறும் கதிரால், அதாவது சிதறலால், வரும் குறை அந்தச் சிறு ஃபேன்டத்தில் சரியாக வெளிப்படாது. உடல் வளையம் (ஃபேன்டத்தைச் சுற்றி மாட்டும் உடலளவு உறை) இருந்தால் மாட்டி இன்னொரு முறை எடுங்கள். இல்லையென்றால் திடநீர்ப் பலகைகளை இருபுறமும் மேலும் அடுக்கி அகலத்தைக் கூட்டினாலும் போதும். ஃபேன்டத்திலேயே வளையம் தெரிந்தால் குறை இயந்திரத்தில். பெரிய ஃபேன்டத்தில் மட்டும் நடு கருத்தால் அது சிதறல். ஃபேன்டம் சுத்தமாக வந்து நோயாளி படம் மட்டும் கெட்டால், புரோட்டோகாலையும் நோயாளியின் தயார்நிலையையும் பாருங்கள்.

வளையத்துக்குக் காரணம் எளிது. பேனல் சுற்றும்போது ஒவ்வொரு பிக்சலும் மறுகட்டமைத்த படத்தில் ஒரு வட்டத்தை வரைகிறது. அண்டைப் பிக்சல்களைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ காட்டும் பிக்சல் ஒரு வளையமாகத் தெரியும். இருள் படம் (கதிரில்லாமல் எடுப்பது), வெள்ளப் படம் (எதுவும் குறுக்கே இல்லாமல் கதிரோடு எடுப்பது), கெட்ட பிக்சல் பட்டியல் மூன்றையும் அந்த முறைக்கெனப் புதிதாக எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் இருள் மின்னோட்டம் வெப்பத்தோடு ஏறும். பேனலை அணைத்துவிட்டுப் போட்ட கையோடு அளவுத்திருத்தம் செய்தால், பேனல் சூடானதும் வளையம் திரும்பி வரும். கையேடு சொல்லும் நேரம்வரை மின்சாரத்தில் வைத்து, வெப்பநிலை நிலைத்த பிறகே செய்யுங்கள். வெள்ளப் படம் எடுக்கும்போது கதிரின் பாதையில் டேபிளோ துணியோ இருக்கக் கூடாது. பௌ-டை மாட்டுவதா கழற்றுவதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. மென்பொருள் கேட்பதை அப்படியே செய்யுங்கள். அதற்கும் முன்னால் பேனல் மூடியையும் பௌ-டையின் மேற்பரப்பையும் துடைத்துப் பாருங்கள். காய்ந்துபோன கான்ட்ராஸ்ட் சொட்டோ ஒட்டுநாடாத் துண்டோ பேனலோடு சேர்ந்தே சுற்றுவதால் அதுவும் வளையமாகத்தான் விழும். மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடிய குறை சிலநேரம் ஈரத்துணியில் தீர்ந்துவிடும்.

மெல்லிய வளையமாக இல்லாமல் பிறைபோல அகலமாகத் தெரிந்தால் சந்தேகம் வேறு. கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றிவரும் இயந்திரப் பகுதி) சுற்றும்போது தாங்கு கைகள் தம் எடையால் தொய்ந்து பௌ-டையின் நிழல் பேனலில் சற்றே நகரும். ஒரே நிலையில் எடுத்த இயல்பாக்கப் படம் (பேனலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் வெற்றுப் படம்) மற்ற கோணங்களுக்குப் பொருந்தாது. எதுவும் வைக்காமல் 0, 90, 180, 270 டிகிரியில் ஒவ்வொரு படம் எடுத்து, குறுக்குவெட்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் நகர்வு கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் தட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேனலில் தங்கும் மின்சுமையும் இப்படி ஒரு பட்டையை உண்டாக்கும், முக்கியமாகத் தோலைத் தாண்டி நேர்க்கதிர் பேனலில் விழுந்த பக்கத்தில். தங்கல் திருத்தம் மென்பொருளில் இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இனி நடுக்கருமை. தடித்த இடுப்பில் பேனலை அடையும் சிதறல் கதிர் நேர்க்கதிரைவிட அதிகமாகவே இருக்கும். கதிர் அதிகம் தேயும் நடுப்பாதைகளில் அதன் பங்கு இன்னும் கூடும். மறுகட்டமைப்பு அதை அடர்த்தி குறைந்த பொருள் என்று எடுத்துக்கொள்வதால் நடு கருக்கிறது. இதற்குச் செலவே இல்லாத மருந்து, நீளவாக்கில் புலத்தைச் சுருக்குவது. 16 செ.மீ. நீளத்துக்குக் கதிரை வரம்பிடும் பிளேடுகளைத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தால், புராஸ்டேட்டும் சிறுநீர்ப்பையும் அடங்கும் 10 செ.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். சிதறல் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும், டோஸ் படும் உடல் நீளமும் குறையும். நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோயாளிகளுக்கு மட்டும் நீளத்தை விட்டுவைக்கலாம். கூடவே சிதறல் தடுப்பு வலை பேனலில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா, மாட்டியிருப்பது அரை பௌ-டைதானா, அது சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியின் பருமனுக்கு ஏற்ற அளவுப் புரோட்டோகாலைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் எண்கள் தடம்புரளும். 45 செ.மீ. அளவிலான மறுகட்டமைப்பு விட்டத்தை உடல் தாண்டினால் ஓரத்தில் வெளிறிய விளிம்பு தோன்றும். கைகளை இடுப்பின் பக்கத்தில் வைக்காமல் மார்பின்மேல் கட்டச் சொல்லுங்கள்.

எல்லை தெரியாமைக்கு வருவோம். சிறுநீருக்கும் புராஸ்டேட்டுக்கும் வேறுபாடு சில பத்து ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள்தான். இரைச்சலும் அதே அளவில் இருந்தால் எல்லை மூழ்கிப்போகும். முதலில் விண்டோ அகலத்தை (கறுப்பிலிருந்து வெள்ளைவரை திரை காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களின் வரம்பு) பாருங்கள். எலும்புக்கு வைத்த அகலத்தில் மென்திசுவைத் தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. 350 முதல் 400 வரை குறைத்துப் பாருங்கள். பிறகு ஸ்லைஸ் தடிமன். 1 மி.மீ.ருக்குப் பதில் 2 மி.மீ. வைத்தால் எம்.ஏ.எஸ்ஸை இரட்டிப்பாக்கிய அளவுக்கே இரைச்சல் குறையும், டோஸ் ஒரு துளியும் கூடாது. மென்மையான வடிகட்டி, இருந்தால் மறுசெய்கை முறை மறுகட்டமைப்பு ஆகியவை அடுத்து.

படம் எடுக்கச் சுமார் ஒரு நிமிடம் ஆகிறது. அதற்குள் மலக்குடலில் வாயு நகர்ந்தால் அங்கிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் கிளம்பிப் புராஸ்டேட்டின் பின் விளிம்பையே அழித்துவிடும். இதை எந்த அளவுத்திருத்தமும் சரிசெய்யாது. நோயாளியை இறக்கி, வாயு வெளியேறிய பிறகு மறுபடி எடுப்பதே வழி.

கோடுகள் இரண்டு தொடையெலும்புத் தலைகளுக்கும் நடுவே கிடையாக ஓடினால்தான் ஃபோட்டான் பஞ்சம், அதாவது பேனலை எட்டும் கதிர் போதவில்லை, என்று பொருள். எம்.ஏ.எஸ்ஸைக் கூட்டுவது நியாயமான இடம் அதுதான். படம் முழுவதும் மெல்லிய கோடுகள் பரவியிருந்தால், சுழற்சியின்போது எடுக்கும் தனிப்படங்களான புரொஜெக்‌ஷன்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: வினாடிக்கு 15 படம் எடுக்கும் பேனல் 60 வினாடிச் சுழற்சியில் 900 அளவில் தர வேண்டும். கணிசமாகக் குறைந்தால் படங்கள் வழியில் தவறுகின்றன.

நீங்கள் சொல்லாத ஒரு அறிகுறியையும் பார்த்துவிடுங்கள். ஃபேன்டத்தில் மெல்லிய கம்பி இரட்டையாகவோ இழுபட்டோ தெரிந்தால் வடிவியல் அளவுத்திருத்தம் தவறியிருக்கிறது. பேனல் எதிலாவது இடித்த பிறகு இது சகஜம். அதைப் புதிதாகச் செய்தால், படமெடுப்பு மையமும் சிகிச்சை ஐசோசென்டரும் (சிகிச்சைக் கதிர்கள் சந்திக்கும் புள்ளி) பொருந்துகின்றனவா என்று சோதிக்காமல் நோயாளியை ஏற்றக் கூடாது. 2009இல் வெளியான ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) டிஜி-142 அறிக்கை தரும் வரம்பு 2 மி.மீ.; ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சைக்கு 1 மி.மீ.

புரோட்டோகாலை மாற்றினால் பழையதன்மேல் எழுதாமல் புதுப் பெயரில் சேமியுங்கள். டோஸை அளந்து, புது அடிப்படை மதிப்புகளைப் பதியுங்கள். சிபிசிடியில் டோஸ் கணக்கிடும் வழக்கம் இருந்தால் ஹவுன்ஸ்ஃபீல்டு வளைவையும் மறுபடி எடுக்க வேண்டும். கேட்ஃபானில் உள்ள பொருள்களின் எண்கள் டெஃப்லான் 990, அக்ரிலிக் 120, எல்டிபிஇ (ஒருவகை பாலிஎத்திலீன்) கழித்தல் 100 ஆகியவற்றுக்கு அருகில் வருகின்றனவா என்று பார்த்தால் போதிய குறிப்பு கிடைக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வளையம் ஓரிரு வாரங்களில் திரும்பினால் பேனலே தேய்கிறது என்று கொள்ளலாம். சர்வீஸ் பொறியாளரை அழைக்கும்போது மறுகட்டமைத்த படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். மூலப் புரொஜெக்‌ஷன்கள், கடைசி இருள், வெள்ளப் படங்கள், கெட்ட பிக்சல் எண்ணிக்கை மாதாமாதம் ஏறிய கணக்கு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். பேனலை மாற்ற வேண்டுமா என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.