மருத்துவர்களின் திறமை எண்களை எப்படிப் படிக்க வேண்டும்: பதிவேட்டுப் படிவம் நிரப்பிய அனுபவத்திலிருந்து

நோயாளிகளின் நிலையையும் சிகிச்சையின் முடிவையும் பதிந்து வைக்கும் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு மருத்துவரின் திறமையையும் கணக்கிட்டு வெளியிடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிதான், வெளியிடத்தான் வேண்டும். ஆனால் அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். ஓர் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் மூன்று வருடம் பதிவேட்டுக்குத் தகவல் ஏற்றும் வேலை பார்த்தேன்.

இறந்தவர்களை மட்டும் எண்ணினால், சிக்கலான கேஸ்களை ஏற்றுக்கொள்பவர்தான் மோசமான மருத்துவராகத் தெரிவார். அதனால் வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, அவசர அறுவையா என்பதையெல்லாம் பார்த்து, இந்த நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று முதலில் கணக்கிடுவார்கள். நடந்ததை அதோடு ஒப்பிடுவார்கள். இதில்தான் படிவம் காலை வாரிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை அளவு கேஸ் ஷீட்டில் இருக்கும், படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக விட்டால் 'இயல்பு' என்று எடுத்துக்கொள்ளும் கணக்குமுறைகள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர் அந்தக் கணக்கில் ஆரோக்கியமானவராகிவிடுவார். அவர் இறந்தால் பழி சர்ஜனுக்கு. பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டி அந்தக் கட்டங்களை நிரப்பியதைவிடப் பொறுப்பான வேலை எதையும் நான் செய்ததில்லை.

வெளியிட்டால் பலன் உண்டா? நியூயார்க் மாநிலம் 1989 முதல் பைபாஸ் அறுவைகளின் தகவலைத் திரட்டியது. நியூஸ்டே செய்தித்தாள் வழக்குப் போட்ட பிறகு, 1991இல் சர்ஜன்களின் பெயர்களோடும் எண்கள் வெளிவந்தன. நோயாளிகளின் அபாயத்தைச் சரிக்கட்டிப் பார்த்த இறப்பு விகிதம் 1989இல் 4.17 சதவீதம், 1992இல் 2.45. முழுப் பெருமையும் அறிக்கைக்கே சேராது. அறிக்கை வெளியிடாத இடங்களிலும் அந்தக் காலத்தில் இறப்பு குறைந்தது.

பயமும் கூடவே வந்தது. மாரடைப்பால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடுபவருக்கு, அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யவே சில மருத்துவர்கள் தயங்கினார்கள். இறந்துவிட்டால் தன் எண் கெடுமே என்ற தயக்கம். அதனால் 2006இல் இருந்து அப்படிப்பட்ட நோயாளிகளை வெளியிடும் கணக்கிலிருந்து மாநிலம் விலக்கியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சிகிச்சை மறுக்கப்பட்டவர் எந்தப் படிவத்திலும் வரமாட்டார், அவருக்கு என்ன ஆனது என்று யாரும் எண்ணுவதில்லை.

அப்புறம், எண்ணிக்கை. சராசரி இறப்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 100 அறுவை செய்யும், சரியாகச் சராசரித் திறமையுள்ள சர்ஜன்களை எடுத்துக்கொண்டால், ஏழு பேரில் ஒருவருக்கு அந்த வருடம் நான்கோ அதற்கு மேலோ இறப்புகள் தற்செயலாகவே நேரும். அந்த ஒரு வருடத்தை வைத்து அவரை ஒதுக்குவது அநியாயம். மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள், தற்செயலால் அந்த எண் எவ்வளவு கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்று அதோடு தரும் ஏற்ற இறக்க வரம்பையும் பாருங்கள். இரண்டு சர்ஜன்களின் வரம்புகள் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவர்களில் யார் மேல் என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது மருத்துவமனையின் மொத்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர், ஐசியூ செவிலியர் எல்லோருடைய வேலையும் அதில் இருக்கிறது.