வாசகர் கேள்வி – பதில்: அஸ்தியை ஒகேனக்கலில் கரைக்கலாமா?

கேள்வி: லாசரும் சாவிலிருந்து எழுந்தார், இயேசுவும் எழுந்தார். இயேசுவின் உயிர்ப்பை மட்டும் ஏன் பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: லாசர் பழைய வாழ்வுக்கே திரும்பினார், பிறகு மறுபடியும் இறந்தார். இயேசுவுக்கு இனிச் சாவே கிடையாது. யோவான் நற்செய்தியில் இரண்டு கல்லறைகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். 11ஆம் அதிகாரத்தில் லாசர் கைகால் கட்டுகளோடு வெளியே வருகிறார், மற்றவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. 20ஆம் அதிகாரத்தில் துணிகள் கல்லறையிலேயே கிடக்கின்றன, தலையை மூடியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்காக இயேசு வெறும் ஆவியாக வரவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், வேகவைத்த மீனைச் சாப்பிட்டார். "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று நாம் அறிக்கையிடுவது இதை நம்பித்தான்.

கேள்வி: ஓசூர் கம்பெனியில் உயிர்ப்பு ஞாயிறு காலை ஷிப்ட். சனி இரவுப் பூசை மட்டும் பார்த்தால் போதுமா? அது ஏன் அவ்வளவு நீளம்?
– வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாகப் போதும். அந்தச் சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புதான் ஆண்டின் தலையாய வழிபாடு, ஞாயிறு பூசை காணும் கடனும் அதிலேயே நிறைவேறிவிடும். காலைப் பூசைக்கும் போக முடிந்தால் இரண்டிலும் நற்கருணை வாங்கலாம். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் இருப்பதால்தான் நேரமாகிறது. தேவையென்றால் மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை எந்தப் பங்கிலும் விடக்கூடாது. தாமதமாக வந்து, தொடக்கத்தில் மூட்டும் புதுத்தீயைத் தவறவிடாதீர்கள். இருட்டில் பாஸ்கா திரி ஒன்றே எரிந்து, அதிலிருந்து கோயில் முழுக்க மெழுகுதிரிகள் பற்றுவதைப் பார்க்காமல் அந்த இரவு விளங்காது. 1951க்கு முன் இதைச் சனிக்கிழமை காலை வெளிச்சத்திலேயே நடத்திவந்தார்கள். அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தவர் திருத்தந்தை 12ஆம் பயஸ்.

கேள்வி: அப்பாவை மின் மயானத்தில் தகனம் செய்தோம். அஸ்தியை ஒகேனக்கலில் கரைத்துவிட்டு, கொஞ்சம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் உறவினர்கள். உயிர்ப்பு நாளில் அவர் எழுவாரா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எழுவார், அந்தக் கவலை வேண்டாம். மண்ணில் மக்கிய உடலை எழுப்புகிற கடவுளுக்குச் சாம்பல் தடையாகாது. தகனத்தைத் திருச்சபை 1963லேயே அனுமதித்துவிட்டது, ஆனாலும் அடக்கத்தைத்தான் விரும்புகிறது.

ஆற்றில் கரைப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. 2016இல் வத்திக்கான் தந்த விளக்கத்தின்படி சாம்பலை நீரிலோ நிலத்திலோ காற்றிலோ தூவக்கூடாது, குடும்பத்துக்குள் பங்கு போடக்கூடாது, வீட்டிலும் வைக்கக்கூடாது. திருமுழுக்குத் தண்ணீரும் நோயில் பூசுதல் எண்ணெயும் பட்ட உடல் அது. இயற்கையோடு கரைந்துவிட்டார் என்ற எண்ணமும் நம் உயிர்ப்பு நம்பிக்கையும் ஒத்துப்போகாது. வீட்டில் வைத்தால் அடுத்த தலைமுறையில் அதைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது.

அஸ்தி முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ இருக்கும். சின்னச் செம்பில் கொஞ்சம் வாங்கி மீதியை மயானத்திலேயே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மூடியுள்ள கலசத்தில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, பங்குத்தந்தையிடம் நாள் கேளுங்கள். புதுக் குழி கிடைக்காவிட்டால் தாத்தா, பாட்டியின் கல்லறையிலேயே புதைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெயரும் தேதியும் பொறித்துவிட்டால், இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 அன்று மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் இருக்கும்.

கொஞ்சமாவது பிரித்து வைக்க வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால், ஒரு மிகச்சிறு பகுதியை இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் வைப்பதைத் திருச்சபை அதிகாரம் பரிசீலிக்கலாம் என்று 2023 டிசம்பரில் வத்திக்கானிலிருந்து வந்த குறிப்பு இடம் தருகிறது. நீங்களாக முடிவெடுக்காமல், பங்குத்தந்தை வழியாக தர்மபுரி ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள்.