வீட்டுத் தோட்டத்துக் குளம் பத்தே நாளில் பச்சையாகிவிடுகிறது. என்ன ஃபில்டர், என்ன செடி வைத்தால் தண்ணீர் தெளியும்?

கேள்வியில் இருக்கும் விவரம் இது: 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சிமென்ட் குளம். போர் தண்ணீர். ஒரு டஜன் தங்கமீன், இரண்டு தொட்டி அல்லி, நாள் முழுக்க வெயில். கழுவி நிரப்பினால் பத்தாம் நாள் பச்சை, மறுபடி கழுவல்.

கணக்குப்படி 150 கன அடி, அதாவது சுமார் 4,200 லிட்டர். அல்லித் தொட்டியும் கல்லும் அடைத்தது போக 4,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் அளவெல்லாம் இந்த 4,000 லிட்டருக்குத்தான்.

கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். சுவரில் வழவழவென்று படிகிற மெல்லிய ஏட்டில்தான் மீன் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா குடியிருக்கிறது. அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் போர் தண்ணீரை விட்டு வெயிலைக் காட்டினால், களையெடுத்த வயலைப் பாசிக்குக் குத்தகைக்கு விட்ட மாதிரிதான். போர் தண்ணீரிலேயே பாசிக்கு உரமாகும் நைட்ரேட் இருக்கும் ஊர்கள் நிறைய. உங்கள் தண்ணீரை ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கலங்கல் எந்த வகை என்று தெரிய வேண்டும். ராத்திரி ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு ஆடாமல் வைத்து, காலையில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வண்டல். டீத்தண்ணி நிறத்தில் தெளிவாக இருந்தால் உதிர்ந்த இலை ஊறிய சாயம். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் பாக்டீரியா பெருக்கம். தீவனம் அதிகமாகிவிட்டது அல்லது எங்கோ ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பச்சையாக நின்றால் மிதக்கும் நுண்பாசி. உங்களுடையது இதுதான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். இந்தப் பாசியின் ஒவ்வொரு செல்லும் அவ்வளவு சிறியது. சாதாரண ஸ்பாஞ்சு எதிலும் சிக்காது. "ஃபில்டர் வாங்கி வைத்தும் பச்சை போகவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி கணக்கு வழக்கு. தங்கமீன் பன்னிரண்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் தீவனம் என்றால் மாதம் 600 கிராம். 35 சதவீதம் புரதமுள்ள தீவனத்தில் 5.6 சதவீதம் நைட்ரஜன். ஆக மாதம் 33 கிராம் நைட்ரஜனைக் கையாலேயே குளத்தில் போடுகிறீர்கள். மீன் உடம்பில் தங்குவது கொஞ்சம். முக்கால் பங்கு, அதாவது 25 கிராம், செவுள் வழியாகவும் கழிவாகவும் தண்ணீருக்குத்தான் வருகிறது. ஃபில்டர் இதைக் குறைப்பதில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கித் திரும்பக் குளத்திலேயே விடுகிறது. மீனுக்கு அது பெரிய உபகாரம். பாசிக்கோ நைட்ரேட் என்பது சமைத்துப் போட்ட சோறு. எனவே நைட்ரஜன் குளத்தைவிட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். செடியை வளர்த்து அறுத்து எடுப்பதுதான் அந்த வழி.

வள்ளைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கீரையில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். நைட்ரஜன் சுமார் 3 கிராம் இருக்கும். 25 கிராமை வெளியேற்ற மாதம் 8 கிலோ, வாரம் 2 கிலோ அறுக்க வேண்டும். சேற்றோடு கொஞ்சம் போகும், காற்றாகவும் கொஞ்சம் போகும் என்பதால் ஒன்றரைக் கிலோ வந்தாலே போதும். இரண்டு தொட்டி அல்லி மட்டும் இந்த வேலையைச் செய்யாது. தீவனத்தைப் பாதியாக்கினால் அறுவடையும் பாதி போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் அளவு.

இனி கட்டுமானம். உங்களுக்கு நான் சொல்வது ஒரு டிரம், ஒரு ஜல்லிப் பாத்தி. கடையில் விற்கும் பெட்டி ஃபில்டருக்குக் கொடுக்கும் காசில் இரண்டும் முடிந்துவிடும்.

பம்ப்: குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்ற வேண்டும். டிரம்மின் வாய் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் மணிக்கு 3,000 லிட்டர் என்று அச்சிட்ட பம்ப் உண்மையில் 2,000 தள்ளினால் அதிகம். அதனால் 3,000-க்குக் குறைவாக வாங்க வேண்டாம். 40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 58 யூனிட் ஏறும். ஏர் கூலருக்குள் வரும் பம்பை வாங்கிப் போட்டுவிட்டு ஃபில்டர் மேல் பழி போடாதீர்கள். அது 24 மணி நேரம் ஓடுவதற்குச் செய்ததல்ல. பம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு கல்லின் மேல் 8 அங்குலம் தூக்கி வையுங்கள். என்றாவது குழாய் கழன்று தண்ணீர் வெளியே கொட்டினாலும் அந்த 8 அங்குலத் தண்ணீரில் மீன் பிழைத்துக் கிடக்கும்.

டிரம்: 200 லிட்டர் நீல டிரம். உள்ளே என்ன வந்தது என்று கேட்டு வாங்குங்கள். உணவுப் பொருள் வந்ததே நல்லது. பம்ப்பிலிருந்து ஒரு அங்குலக் குழாய் டிரம்மின் அடிவரை இறங்கி, கடைசியில் ஒரு எல்போ போட்டுச் சுவரை ஒட்டித் திரும்ப வேண்டும். தண்ணீர் சுழலும், கனமான அழுக்கு நடுவில் குவியும். அடியில் ஒன்றரை அங்குல டேங்க் நிப்பிளும் பால் வால்வும். அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் காலியாக விட்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டை வெட்டித் தட்டாக நிறுத்துங்கள். தட்டின் மேல் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார், பாட்டில் மூடி, வெட்டிய பிவிசி துண்டு ஆகியவற்றை வெங்காயச் சாக்கு வலையில் கட்டி அடுக்குங்கள். நாரைக் கீழேயும் மற்றதை மேலேயும். ஜல்லியை டிரம்முக்குள் போட வேண்டாம், அடைத்துக்கொண்டால் அதைத் தூக்கிக் கழுவுவதற்குள் இடுப்பு போய்விடும்.

வெளியேறும் குழாய் 2 அங்குலம் இருக்கட்டும். உள்ளே பம்ப் அழுத்தித் தள்ளுகிறது. வெளியே தண்ணீர் தானாக வழிய வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் போட்டால் டிரம் பொங்கும்.

ஜல்லிப் பாத்திதான் இதில் முக்கியம். குளத்தின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 15 சதுர அடி. குளத்தின் ஓரத்தில் செங்கல் வைத்து ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தொட்டி கட்டி உள்ளே சிமென்ட் பூச்சோ லைனரோ. அடியில் 2 அங்குல பிவிசி குழாய். அதில் 8 மில்லிமீட்டர் துளை 60. துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாயைவிடக் குறையக் கூடாது. 60 துளை 30 சதுர சென்டிமீட்டர் வரும், குழாயின் வாய் 20 தான், சரியாக இருக்கும். குழாயின் கடைசி நுனியை எல்போ போட்டு ஜல்லிக்கு மேலே நிமிர்த்தி மூடி போட்டு வையுங்கள். வருஷம் ஒரு முறை அதில் தண்ணீரைப் பீய்ச்சி வண்டலை வெளியேற்றலாம். இதை வைக்காமல் கட்டியவர்கள் மூன்றாம் வருஷம் பாத்தியையே பிரிக்கிறார்கள்.

மேலே ஒரு அடி உயரத்துக்கு 10–12 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி. சுமார் 650 கிலோ ஆகும். கிரஷர் தூசி போகும்வரை கழுவிக் கொட்டுங்கள், இல்லையென்றால் குளம் ஒரு மாதத்துக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சுண்ணாம்புக் கல் வேண்டாம். ஆற்று மணலோ எம்-சாண்டோ கூடவே கூடாது. நடுவில் துணி விரிக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். அடைக்கிற முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். டிரம்மிலிருந்து வரும் தண்ணீர் அடிக்குழாயில் நுழைந்து, ஜல்லி வழியே மேலேறி, ஒரு பக்கம் தாழ்த்திய விளிம்பு வழியாகக் குளத்தில் விழ வேண்டும். விழும் இடம் பம்ப்புக்கு எதிர் மூலையில் இருந்தால் குளத்தில் தேக்கமான மூலை இராது.

பாத்தியில் நடும் செடியின் வேரில் மண் துளியும் இருக்கக் கூடாது, அலசிவிட்டு ஜல்லியிலேயே ஊன்றுங்கள். வள்ளைக்கீரை, கல்வாழை, வசம்பு, சேம்பு நன்றாக வரும். சம்பு என்னும் கோரை வேண்டாம், இரண்டு வருஷத்தில் அதன் கிழங்கு பாத்தி முழுவதையும் பிடித்துவிடும். குளத்துக்குள் ஹைட்ரில்லா அல்லது வாலிஸ்னேரியா கொஞ்சம். ஆகாயத்தாமரை முதல் இரண்டு மாதம் அருமையான வேலைக்காரன், நிழலும் தரும், சத்தையும் உறிஞ்சும். ஆனால் வாரந்தோறும் பாதியை அள்ளாவிட்டால் தண்ணீர் மேல் பாய் விரித்துவிடும். அள்ளியதை வாழைக்கோ தென்னைக்கோ மூடாக்காகப் போடுங்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் வீச வேண்டாம், அங்கே ஏற்கெனவே இருக்கும் தொல்லை போதும்.

அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதியை மூடட்டும். அதன் தொட்டியில் என்ன மண் என்று நீங்கள் சொல்லவில்லை. தொழு உரமோ மண்புழு உரமோ கலந்திருந்தால் பச்சைக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. 14 அங்குல அகலத் தொட்டியில் வெறும் வயல் களிமண், மேலே ஒரு அங்குலம் ஜல்லி. தேங்காய் நார்த்தூள் மிதந்து வரும், சாயமும் விடும். பூக்க உரம் வேண்டுமென்றால் மாதம் ஒரு முறை 5 கிராம் என்பிகேயைக் காகிதத்தில் சுருட்டி வேருக்கு அருகே விரல் ஆழத்தில் செருகுங்கள். டிஏபியைத் தண்ணீரில் தூவுவது பாசிக்கு விருந்து.

எல்லாம் பூட்டிய பிறகு டிரம் பழக, அதாவது உள்ளே பாக்டீரியா குடியேற, 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தீவனம் பாதி. இந்தக் காலத்தில் அம்மோனியா கிட் ஒன்று கையில் இருக்கட்டும். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7-ல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது, பிஎச் 8.2, 30 டிகிரி வெப்பம் என்றால் 11 சதவீதம். போர் தண்ணீருக்கும் நம் வெயிலுக்கும் இது சாதாரணம். மூன்றாம் வாரம் தண்ணீர் முன்னைவிடப் பச்சையாகும், அப்போது பயந்து தண்ணீரை மாற்றாதீர்கள். செடி வேர் பிடித்ததும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் அடித்தரை தெரிய ஆரம்பிக்கும். அவசரமென்றால் அந்த ஒரு மாதம் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தெளிந்தபின் சுவரில் நூல்நூலாக இழைப்பாசி வந்தால் வெளிச்சம் அடிவரை போகிறது என்று அர்த்தம். ஒரு சொரசொரப்பான குச்சியில் நூடுல்ஸ் மாதிரிச் சுருட்டி எடுத்துவிடலாம். அதுவும் அறுவடைதான்.

யூவி (புற ஊதா) விளக்கு முதல் நாளே தேவையில்லை. எட்டு வாரம் கழித்தும் பச்சை போகாவிட்டால் 11 முதல் 18 வாட் வரை ஒன்றைப் பம்ப்புக்கும் டிரம்முக்கும் நடுவில் வைக்கலாம். பாசி செத்துக் கட்டிகட்டியாகச் சேர்ந்து நாரில் சிக்கும். ஆனால் சத்து தண்ணீரிலேயே இருக்கும், விளக்கை அணைத்தால் பச்சை திரும்பும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நீல வெளிச்சம் தெரிவது யூவி வருகிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்லி யாராவது பதில் எழுதுவார்கள். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது ஆக்சிஜன் காலியாகி, விடிவதற்குள் மீன் மிதக்கும். நத்தையையும் கொல்லும். தேத்தாங்கொட்டையும் படிகாரமும் வண்டல் கலங்கலுக்குத்தான். படிகாரம் என்றால் 1,000 லிட்டருக்கு 10 கிராமில் தொடங்கி, முதலில் ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள். மழைநீர் மட்டும் நிரப்பிய குளத்தில் போட்டால் பிஎச் விழுந்துவிடும்.

பராமரிப்பில் இரண்டு நாளுக்கொரு முறை டிரம்மின் அடி வால்வைப் பத்து விநாடி திறந்து சேற்றைச் செடிகளுக்கு விடுவது ஒன்று. நாரை மாதம் ஒரு முறை குளத்துத் தண்ணீரிலேயே பிழிந்து அலசுவது இன்னொன்று. குளோரின் கலந்த கார்ப்பரேஷன் தண்ணீரில் கழுவினால் ஆறு வாரம் பழகியது ஒரே நாளில் போகும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை மறந்துவிடாதீர்கள். காலையில் நின்ற பம்ப் மாலையில் ஓடும்போது, டிரம்முக்குள் காற்றில்லாமல் நாறிப்போன தண்ணீர் நேராகக் குளத்துக்குப் போகும். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடாதபடி சுவிட்சை அணைத்து வைத்து, டிரம்மை அடி வால்வு வழியாக முழுக்க வடித்துவிட்டு, பிறகு போடுங்கள்.

கோடையில் இந்தக் குளத்திலிருந்து ஒரு நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் ஆவியாகும், மாதம் ஆயிரம் லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,000 உள்ள போர் தண்ணீரை அந்த அளவுக்கு ஊற்றினால் குளத்தின் டிடிஎஸ் மாதம் 250 ஏறும்; ஜூனில் அல்லி இலை ஓரம் கருகுவது இதனாலும் இருக்கலாம். வாரம் 400 லிட்டரை வாழைக்கு வடித்துவிட்டு அதன் பிறகு நிரப்புங்கள், மொட்டை மாடி மழைநீர் கிடைத்தால் அதையே விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் அந்த 400 லிட்டருக்கு, குளோரினை முறிக்க, 3 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதும்.

மீன் கூட்டவேண்டும் என்று தோன்றினால் கொசுவுக்குப் பத்துக் கப்பி மீன் போதும். கோய் வாங்கினால் அல்லியை மறந்துவிடுங்கள், தொட்டி மண்ணையே கிளறிவிடும். ஜிலேபிக் கெண்டை இன்னும் மோசம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை. செடியும் பாசியும் ராத்திரியில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அன்றைக்குத் தீவனத்தை நிறுத்தி, பாத்தியிலிருந்து விழும் தண்ணீரை இன்னும் அரை அடி உயரத்திலிருந்து விழ வையுங்கள்.