கிளைச் சிறையில் ரிமாண்டில் இருப்பவர் பிளஸ் டூ, டிகிரி படிக்க முடியுமா? அதனால் ஏதாவது பயன் உண்டா?

முடியும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை யாரோ உள்ளே இருக்கிறார், பரீட்சை நெருங்குகிறது என்று தோன்றுகிறது. என் தம்பியும் அப்படி இருந்தவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் குன்னூர் பக்கம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், லயன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். வழக்கு என்ன என்று சொல்லப் போவதில்லை. "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அவன் தப்பே செய்யாதவன் என்று நான் வாதாடவில்லை. அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். தீர்ப்புக்கு முன்னால் ஒருவன் உள்ளே சும்மா உட்கார்ந்து தொலைக்கும் மாதங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்படி இருப்பவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் 75 சதவீதத்துக்கு மேல் விசாரணைக் கைதிகள்.

நீலகிரியில் மத்திய சிறை கிடையாது, கிளைச் சிறைகள்தான். ரிமாண்டை 15 நாள், 15 நாளாகத்தான் நீட்டுவார்கள். அதனால் அங்கே எல்லாருக்கும் இவன் அடுத்த வாரம் போய்விடுவான் என்ற நினைப்பு. படிப்பு பற்றிக் கேட்டால், "அடுத்த வாய்தாவுல பெயில் கிடைச்சிடும்மா, வெளியே போய்ப் படிக்கட்டும்" என்பார்கள். எனக்கு அப்படிச் சொன்ன சிறை ஊழியர் நல்ல மனுஷர். ஆனால் பெயில் ஆர்டர் வந்த பிறகும் வெளியே வர முடியாதவர்களை அவரே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொத்து உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றால் லயன் வீட்டுக்காரர்களுக்கு வீட்டு வரி ரசீது ஏது, பட்டா ஏது? சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே லயனில்தான் இருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி வீடுகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஆக, 15 நாள் என்று உள்ளே போனவன் பல மாதம் இருப்பான். அந்த மாதங்களுக்கு ஒரு வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது.

தம்பிக்குப் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் (அக்கவுண்டன்சி) ஒன்றுதான் பாக்கி. நான் தேயிலை பேக்டரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், அந்தப் பாடம் எனக்கு வரும். மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போகும்போது நோட்ஸ் கொண்டுபோனேன். வார்டர் ஒவ்வொரு பக்கமாக உதறிப் பார்த்து, ஸ்டேப்ளர் பின்னை எல்லாம் நகத்தால் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். ஸ்கேலுக்கு அனுமதி இல்லை. தீப்பெட்டி அட்டையை மடித்துவைத்துக் கோடு போட்டுப் பேரேடு எழுதினான். அடுத்த மனுவில் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, இருப்பாய்வு டேலி ஆகல" என்று கத்துகிறான், பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒத்துப்போகவில்லையாம். சுற்றிலும் ஒவ்வொரு குடும்பமும் அழுதுகொண்டும் வக்கீல் பீஸ் பேசிக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் நாங்கள் பற்று, வரவு என்று தொகைகளைக் கத்திக் கத்திச் சரிபார்த்தோம். கடைசியில் வித்தியாசம் சரக்கிருப்பில் இருந்தது. போலீஸ் பிடித்த நாளிலிருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பயன் உண்டா என்று கேட்டால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்தத் தடவை அவனால் பரீட்சை எழுத முடியவில்லை. தனித்தேர்வர் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே இருப்பவன் எப்படிப் போவான்? யாரிடம் எழுதிக் கேட்பது என்று கிளைச் சிறையில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டு முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

அப்புறம் கோவை மத்திய சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நிலைமையே வேறு. வகுப்பு இருந்தது, பரீட்சையையும் உள்ளேயே எழுதினான், பாஸ் ஆனான். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தான். கைதிகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் எல்லாம் இருக்கிறது, மலையில்தான் இல்லை.

     

"சிறையில் படித்து என்ன கிழிக்கப் போகிறார்கள்" என்பவர்களுக்கு: பேரறிவாளன் 2012இல் வேலூர் சிறையில், தூக்குத் தண்டனை தலைக்கு மேலே இருக்கும்போதே, பிளஸ் டூவில் 1200க்கு 1096 வாங்கினார். அவர் வழக்கைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், அந்த மார்க்கை அவர் படித்து வாங்கினார். என் தம்பி அப்படி மார்க் எடுக்கிறவன் இல்லை. வெளியே வந்து பச்சைத்தேயிலை வண்டி ஓட்டுகிறான், ராத்திரி பி.காம். புத்தகம் எடுக்கிறான். எனக்கு அது போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைசித் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். பரீட்சை எழுத அனுமதி வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு உள்ளே இருப்பவரைக் கைப்பட ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். வக்கீல் மூலம் கோர்ட்டிலும் ஒரு மனு போடுங்கள், போலீஸ் வழிக்காவலோடு போய் எழுத அனுமதி கொடுக்கிறார்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகல் மட்டும் கொடுங்கள். நோட்ஸை ஸ்பைரல் பைண்டிங் போடாமல் நூலால் தைத்துக் கொண்டுபோங்கள். கணக்குப்பதிவியல் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், என் தம்பிக்கு எழுதிய நோட்ஸ் முழுசாக இருக்கிறது.