ஒரே பீருக்கு ஒரு போட்டியில் 38, இன்னொன்றில் 24. வீட்டில் காய்ச்சும் பீர் போட்டிகளில் நடுவர்கள் நியாயமாகத்தான் மதிப்பிடுகிறார்களா?

இரண்டு மதிப்பெண் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்றில் 50க்கு 38. ஒரு மாதம் கழித்து, அதே தடவை காய்ச்சி அடைத்த இன்னொரு பாட்டிலுக்கு 24. வயிறு எரியத்தான் செய்யும். வாரக்கணக்கில் கண் வைத்துக் காத்த பீர் அது.

நான் மேஜையின் இரண்டு பக்கமும் இருந்தவன். காய்ச்சி அனுப்பியிருக்கிறேன், நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியாததற்குக் காரணம், அந்த 24 போன்ற ஒரு மதிப்பெண்ணை நானே ஒருவருக்குப் போட்டிருக்கிறேன். நியாயமாகப் போடவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த விஷயத்தைப் பற்றி எப்போது எழுதினாலும், குடிக்கிற சமாச்சாரத்தில் என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒரு மேஜையில் ஒரு நடுவர் ஒவ்வொரு பீரிலும் இரண்டு மூன்று வாய் மட்டும்தான் எடுப்பார். மீதியெல்லாம் மூக்கின் வேலை, பென்சிலின் வேலை. ஒருவர் உழைத்துச் செய்த எதையும் மதிப்பிட உட்கார்ந்தால் அங்கே நியாயம் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அது நான் நடுவராக உட்கார்ந்த மூன்றாவது போட்டி. எங்கள் மேஜைக்கு ஒன்பது லாகர்கள், அதாவது குளிரில் நிதானமாக நொதிக்க விடும் பீர்கள். இரண்டு நடுவர்கள். என்னுடன் இருந்தவர் அனுபவசாலி, என்னைவிடப் பல படி மேலே இருப்பவர். நான் மதிப்பவர், இன்றும் மதிக்கிறேன். நான்காவதாக வந்தது ஒரு செக் பிரீமியம் பேல் லாகர். கண்ணாடிக் குவளையை உள்ளங்கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்து முகர்ந்தேன். ரொட்டியின் மேல்தோலைப் போல மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனை, அதன் மேல் பூவும் மிளகும் கலந்த மாதிரி ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ). நுரை தடிமனாக நின்றது. விழுங்கிய பிறகு கசப்பு சுத்தமாக, நீளமாக இருந்தது. 37 போட்டேன்.

நான் பென்சிலைக் கீழே வைப்பதற்குள் அவர் சொன்னார்: "வெண்ணெய். தம்பி, முழுக்க வெண்ணெய்."

அவர் தாளில் 24.

நான் திரும்ப முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இப்போது எனக்கும் வெண்ணெய் வந்தது. அல்லது வந்ததாக நினைத்தேன். 37ஐ அழித்தேன். 27 போட்டேன். நறுமணப் பகுதியில் "டையசெட்டில் தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. "நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தைச் சற்று உயர்த்தி வைக்கவும், ஈஸ்ட்டை அவசரமாகப் பிரிக்க வேண்டாம்" என்று அறிவுரையும் எழுதினேன்.

டையசெட்டில் என்பது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு முன்பொருளிலிருந்து உருவாவது. வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் வாசனை. ஈஸ்ட்டுக்குப் போதிய நேரமும் கொஞ்சம் வெப்பமும் கொடுத்தால் அதுவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே நான் எழுதிய அறிவுரையில் தவறில்லை. ஆனால் அந்த வாசனையை நான் முகரவில்லை. முகராத ஒன்றை முகர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முடிவுகள் அறிவித்து, தாள்களைக் கொடுத்த பிறகு ஒரு பெண் என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார், ஒரு சந்தேகம். இந்த வெண்ணெய் உங்களுக்கு முகரும்போது வந்ததா, இல்லை விழுங்கின பிறகு நாக்கில் வழவழப்பாகத் தெரிந்ததா? நான் மூன்று நாள் வெப்பத்தை ஏற்றித்தான் வைத்தேன். சூடுபடுத்திப் பார்க்கிற சோதனையும் செய்தேன், எனக்குப் பிடிபடவில்லை. எங்கே தேடணும் என்று தெரிந்தால் அடுத்த தடவை சரி செய்வேன்" என்றார்.

அவர் சொன்ன சோதனை தெரியாதவர்களுக்கு: பீரில் இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை மூடி 60, 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆற்றி, சூடு படாததோடு ஒப்பிட்டு முகர்வது. ஒளிந்திருக்கும் முன்பொருள் சூட்டில் டையசெட்டிலாக மாறி வெளியே வந்துவிடும். அதைச் செய்கிறவர் கவனமில்லாமல் காய்ச்சுகிறவர் இல்லை.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "முகரும்போது" என்று ஏதோ சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். என் வாயிலிருந்து வந்த பொய்யை அவர் நம்பி, தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பரைப் பிடித்தேன். மூன்று குவளை வைப்பார், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் அளந்து கலந்த டையசெட்டில். எது வேறு என்று நான் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலருக்கு அது பிடிபட்டுவிடும். அந்த அளவில் ஆறு முறை செய்ததில் இரண்டு முறைதான் சரியாகச் சொன்னேன். மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே சரியாக வரும், ஆக எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நான்கு மடங்கு கலந்த பிறகுதான் ஆறில் ஐந்து சொன்னேன்.

என் மூக்குக்கு அந்த வாசனை சரியாக எட்டாது. இது குற்றமில்லை. ஆளாளுக்கு மூக்கு வேறு. சிலருக்கு வேகவைத்த சோள வாசனை தருகிற டிஎம்எஸ் தெரியாது, சிலருக்குப் பச்சை ஆப்பிள் வாசனையான அசிட்டால்டிஹைடு தெரியாது. என் குற்றம் அது தெரியாமல் உட்கார்ந்ததும், அடுத்தவர் சொன்னதும் அழித்ததும்.

அந்த அனுபவசாலி சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கலாம். வேறொன்றும் உண்டு: செக் லாகரில் லேசான டையசெட்டில் இருந்தால் அது குறையே இல்லை, அந்த வகை பீருக்கான விதியே அனுமதிக்கிறது. எந்த அளவு என்பதைத்தான் நாங்கள் பேசியிருக்க வேண்டும். அதைப் பேச இரண்டு மூக்கு வேண்டும். அன்று அந்த மேஜையில் ஒரு மூக்குதான் இருந்தது. என்னுடையது அதற்கு எதிரொலி.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாளைத்தான் பல போட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கையில் இருப்பதும் அநேகமாக அதுதான். நறுமணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் தன்மை 5, மொத்த அபிப்பிராயம் 10. எல்லோரும் தனித்தனியாக, வாய் திறக்காமல் எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். மதிப்பெண்கள் 7க்கு மேல் விலகியிருந்தால் பேசி அருகே கொண்டுவர வேண்டும். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் 13. அப்போது செய்ய வேண்டியது இன்னொரு முறை ஊற்றுவது, சந்தேகம் இருந்தால் இரண்டாவது பாட்டிலைத் திறக்கச் சொல்வது. வரிசையில் இன்னும் ஐந்து பீர் காத்திருக்கிறதே என்ற அவசரத்தில் நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

வாய் திறக்காமல் இருப்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2001இல் பிரான்சில் 54 ஒயின் படிப்பு மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதைச் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைச் சொற்களாலேயே வர்ணித்தார்கள். ஒரு நிறம் மூக்கை இந்த அளவு இழுக்கும் என்றால், மூத்தவர் உரக்கச் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு இழுக்கும்? அன்று "வெண்ணெய்" என்ற சொல்தான் என் குவளையில் விழுந்த சாயம்.

காசு வாங்கிக்கொண்டு தொழில்முறையில் நடக்கும் போட்டியாக இருந்தால் இப்படி இருக்காது என்றும் நினைக்காதீர்கள். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர், பேராசிரியராக இருந்து புள்ளியியல் கற்பித்தவர், கலிஃபோர்னியா மாநிலப் பொருட்காட்சியின் ஒயின் போட்டியில் ஒரு சோதனை வைத்து 2008இல் வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, நடுவர்களுக்குத் தெரியாமல் வரிசையில் கலந்து கொடுத்தார்கள். மூன்று முறையும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்கள் அனுபவமுள்ள நடுவர்கள்.

இதைக் கேட்டு, அப்படியானால் போட்டியே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மூக்கு தவறும் என்று தெரிந்துகொண்டு உட்கார்கிற நடுவர் குறைவாகத் தவறுவார்.

அந்தப் போட்டிக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இது. உட்கார்ந்ததும் பக்கத்து நடுவரிடம் சொல்லிவிடுகிறேன்: "டையசெட்டில் எனக்கு லேசாக இருந்தால் தெரியாது, உங்களுக்கு வந்தால் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள்." முதல் முறை சொல்லும்போது கூச்சமாக இருந்தது. அவர் உடனே "எனக்கு டிஎம்எஸ் அப்படித்தான்" என்றார். குவளை வந்ததும் முதலில் முகர்ந்து எழுதுகிறேன், நிறமும் நுரையும் அப்புறம்தான். சில வாசனைகள் இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்துவிடும். ரொம்பக் குளிராக வந்தால் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துச் சூடாக்கி மறுபடி முகர்கிறேன். வரிசை முடிந்ததும் முதலில் வந்த பீரைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் முதல் பீருக்கு எல்லோரும் பயந்து பயந்து மதிப்பெண் போடுவோம். பேசிய பிறகு மதிப்பெண்ணை மாற்றலாம், ஆனால் முதலில் எழுதியதை அழிக்காமல் கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன். காய்ச்சியவர் என் இரண்டு எண்களையும் பார்க்கட்டும்.

"உங்கள் பாத்திரம் சுத்தமில்லை" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். அவர் பாத்திரத்தை நான் பார்த்தேனா? குவளையில் இருப்பதை எழுதுவதுதான் என் வேலை. காரணத்தைச் சொல்வதானால் "இப்படி இருக்கலாம்" என்று மட்டும் எழுத வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. ஒவ்வொரு போட்டியிலும் பாட்டில் திறந்து, எண் சரிபார்த்து, ஊற்றிக் கொடுத்து, கடைசியில் நூற்றுக்கணக்கான குவளைகளைக் கழுவுகிற உதவியாளர்கள் இருக்கிறார்கள். பதக்கம் அறிவித்ததும் வென்றவர்கள், நடுவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு முறை இரவு பத்து மணிக்கு இரண்டே பேர் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு பதக்கம் வேண்டாம், மேடையில் பெயரையாவது சொல்லலாமே. குவளையில் சோப்பு வாசனை இருந்தால் மட்டும் அவர்களைத் தேடுகிறோம்.

இப்போது உங்கள் 38க்கும் 24க்கும் வருகிறேன். நடுவர் மேல் பழி போடுவதற்கு முன், அது நிஜமாகவே ஒரே பீரா என்று பாருங்கள். இடையில் ஒரு மாதம். நீங்கள் அனுப்பியது ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) மாதிரி ஹாப்ஸ் வாசனையை நம்பிய பீர் என்றால், ஒரு மாதத்தில் அது நிறைய இழந்திருக்கும். அடைக்கும்போது காற்று புகுந்திருந்தால் நனைந்த அட்டை வாசனை வந்திருக்கும். போகிற வழியில் வெயிலில் கிடந்திருந்தால் இன்னும் மோசம். இரண்டு போட்டியிலும் ஒரே வகையில்தான் சேர்த்தீர்களா? கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் பாராட்டு, அமெரிக்க பேல் ஏல் என்ற வகையில் அதே வாசனை குறை. உங்களுக்கு முன்னால் வரிசையில் என்ன வந்தது என்பதும் உண்டு, அது உங்கள் கையில் இல்லை.

எண்களை விட்டுவிட்டு, இரண்டு தாளிலும் உள்ள சொற்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெவ்வேறு மேஜையில், வெவ்வேறு நாளில் உட்கார்ந்த இருவர் ஒரே குறையை எழுதியிருந்தால் அது பீரில் இருக்கிறது. 24 போட்ட தாளில் மட்டும் இருந்தால், ஒரே மேஜையில் இருந்த இரண்டு நடுவர்களும் ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு அப்படி ஒரு ஜோடித் தாளைப் பார்த்தாலே அந்த "வெண்ணெய்" ஞாபகம் வந்துவிடும்.

அந்தத் தடவை காய்ச்சியதில் பாட்டில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யாரையாவது வைத்து, அதே வகையைச் சேர்ந்த நல்ல பீர் ஒன்றோடு மூன்று குவளைச் சோதனை செய்து பாருங்கள். குறை என்று எழுதியிருப்பதை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். என்ன வகை, எப்போது அடைத்தீர்கள், தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே எழுதினால் நானும் படித்துப் பார்க்கிறேன். டையசெட்டில் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அதற்கு வேறு மூக்கு வேண்டும்.