அந்த நீலம் எந்த நீலம்? குன்னூர் பேனா மேசையிலிருந்து கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போனில் எடுத்த படத்தை வைத்து இங்க்கின் பெயரைச் சொல்ல என்னால் ஆகாது. டியூப்லைட்டில் எடுத்தால் ஒரு நீலம், பனி மூடிய நாளில் ஜன்னலோரம் எடுத்தால் வேறு நீலம். தாளையே கொண்டு வாருங்கள். முடியாவிட்டால், ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் என்ன ஆகிறது என்றாவது எழுதுங்கள். இங்க்கை அதன் நடத்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கூடலூர் வாசகி: சார், தாத்தா இலங்கையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கணக்கு நோட்டு இருக்கிறது. முன்பக்கங்கள் கருநீலமாக இருந்ததாம், இப்போது காப்பித்தூள் நிறம். கடைசிப் பக்கங்கள் பென்சிலில் எழுதியது போல் இருக்கின்றன, ஆனால் நடுநடுவே ஊதா. இரண்டும் என்ன இங்க்?

இரண்டில் ஒன்றுதான் இங்க்.

பழுப்பானது அந்தக் கால ப்ளூ-பிளாக், அதாவது இரும்பு மை. துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தெரியும் என்பதால் கூடவே நீலச் சாயம் கலப்பார்கள். காற்றுப் பட்டதும் இரும்பு கறுத்துத் தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். வருடங்கள் போகப் போக சாயம் மங்கும், இரும்பு பழுப்பாகும். தாளைத் திருப்பிப் பாருங்கள், அழுத்தி எழுதிய சுழிகளுக்கு நேர் பின்னால் பழுப்பு ஊறியிருக்கும். அது அமிலத்தின் வேலை. சில தாள்களில் எழுத்து இருந்த இடமே விண்டு உதிர்ந்துவிடும்.

ஊதா விஷயம் வேறு. அது காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு மெத்தில் வயலட் சாயத்தைச் சேர்த்துச் செய்தது. காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம், ஈரம் பட்ட நொடியில் ஊதா. ரப்பருக்கு அழியாது, அதனால் கணக்கு, ரசீது, தபால் வேலைகளுக்கு ஓடியது. நுனியை நாக்கில் தொட்டு எழுதுவார்கள், உதடெல்லாம் ஊதாவாகும். நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம், அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது. உங்கள் நோட்டில் வரியின் தொடக்கத்தில் மட்டும் ஊதா அடர்த்தியாக இருந்தால் தாத்தா நாக்கில் தொட்டு எழுதியிருக்கிறார். பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தால் கூரை ஒழுகியிருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இந்த ஊதாவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஆனி, ஆடி மழை ஈரத்தில் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: இது ராயல் ப்ளூவா? படம் இணைத்துள்ளேன்.

முதல் பத்தியைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்து ஓடினால் அந்த வகைதான்.

கோவையில் படிக்கும் ஊட்டித் தம்பி: அண்ணா, ஊருக்கு வரும்போதெல்லாம் பேனா சட்டைப் பையில் இங்க் கக்கிவிடுகிறது. கோவையில் ஒழுங்காக இருக்கிறது. பேனா கெட்டுப்போச்சா?

பேனா நன்றாகத்தான் இருக்கிறது, மலைதான் காரணம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். பஸ் பர்லியாறு தாண்டி ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைகிறது. பேனாவுக்குள் அடைபட்ட காற்று மேலே வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ கால் பங்கு விரியும். அதற்கு இடம் வேண்டும், அதனால் இங்க்கை நிப்பு வழியாகத் தள்ளுகிறது.

உன்னுடையது ஃபில்லரால் ஊற்றும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா என்று நினைக்கிறேன். அதில் பாதி இங்க், பாதி காற்று என்றால் தொல்லை உறுதி. கழுத்துவரை நிரப்பிக்கொண்டு ஏறு, அல்லது காலியாக எடுத்து வா. நிப்பு மேலே பார்த்திருக்கட்டும், படுக்கப் போடாதே. ஊர் வந்ததும் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திற. மார்கழிக் காலையிலும் இதே கதைதான்: குளிர்ந்த பேனாவைச் சூடான கை பிடிக்கும்போது உள்ளே காற்று விரிந்து, எழுதும்போதே சொட்டும். இங்க் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நிரப்பிவிடு.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கக்காமல் இருக்கட்டும் என்று கெட்டியான டிராயிங் இங்க்கை ஊற்றிவிடாதே. அதில் அரக்கு இருக்கிறது. காய்ந்தால் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் வழி மொத்தமாக அடைபடும்.

குன்னூர் ஆசிரியை: பச்சை இங்க்கில் எழுதினால் குற்றமா?

இல்லை. கெசட்டட் அதிகாரிகள் பச்சையில் கையெழுத்திடுவது வழக்கம். விண்ணப்பங்களில் தவிர்த்துவிடுங்கள், டைரியில் இஷ்டம்போல் எழுதுங்கள்.

ஊட்டி வாசகி: குறிஞ்சிப் பூ நிறத்தில் இங்க் வேண்டும். நம் நீலகிரியைப் பற்றிய நாவலான 'குறிஞ்சி மல'ரில் எழுதி மகளுக்குப் பிறந்தநாளுக்குத் தரப்போகிறேன்.

நிறம் சுலபம். ஒரே கம்பெனியின் ராயல் ப்ளூவில் வயலட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பாருங்கள். வேறு வேறு கம்பெனி இங்க்கைக் கலந்தால் சில சமயம் வண்டல் படியும். இந்தக் கலவை வெயிலில் வெளுக்கும், புத்தகத்துக்குள் இருந்தால் தாங்கும்.

புத்தகம்தான் மாறிவிட்டது, அம்மா. 'குறிஞ்சி மலர்' நா. பார்த்தசாரதியுடையது. பூரணியும் அரவிந்தனும் மதுரைக்காரர்கள். பெண்ணுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நீலகிரிக் கதை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் தேடுவது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. படுகர் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், வளரும் ஜோகியின் கதை. சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலையும் பணமும் வந்து குடும்பங்களை எப்படி மாற்றின என்று எழுதியிருக்கிறார். எனக்கு இந்த மலையைப் பற்றிப் பிடித்த நாவல் இதுதான்.

கோத்தகிரி, படுக வாசகர்: எங்களைப் பற்றி வெளியாள் எழுதியதையே தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். எங்கள் ஆட்கள் எழுதினால் யார் படிக்கிறார்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதி நியாயம். முதல் பாதியை ஒப்ப மாட்டேன். வெளியாள் என்பதாலேயே ஒரு நாவல் பொய்யாகிவிடாது. எது தப்பு, எந்தச் சடங்கு பிசகு என்று பக்கம் போட்டுச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஹட்டியில் யாராவது எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அதே வாசகர்: பக்கம் போட்டே எழுதுகிறேன். பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

இதுதான் சரி. பாட்டி சொல்வதை நீலப் பேனாவில் எழுதாதீர்கள், கறுப்பில் எழுதுங்கள், நிற்கும்.

கொடைக்கானல் வாசகர்: குறிஞ்சி ஆண்டவர் கோயில் எங்கள் ஊரில் இருக்கிறது. பூ எங்களுடையது.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பூவுக்கு இரண்டு மலையும் சொந்தம். 2018-இல் இங்கேயும் பூத்தது. பழனி மலையிலிருந்து இங்க் கேள்வி ஏதாவது உண்டா?

அதே வாசகர்: டிராயிங் இங்க்கை இங்க் பேனாவில்...

அரக்கு. அரக்கு. அரக்கு.

வெலிங்டன் வாசகர்: இந்த நீலம் என்ன நீலம்? படம் இணைப்பில்.

தண்ணீர் விட்டீர்களா?

அரவேணு வாசகர்: சிவப்பு இங்க்கில் எழுதிய பழைய திருத்தங்கள் காணாமல் போய்விட்டன. ஏன்?

பல சிவப்பு இங்க்குகளில் ஈயோசின் சாயம் இருந்தது. வெளிச்சத்துக்கு அது தாங்காது.

குந்தா, டீ ஃபேக்டரி ஊழியர்: அண்ணே, டீத்தூளில் இங்க் செய்ய முடியுமா?

முடியும், இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கூடலூர் தாத்தாவின் நோட்டில் இருப்பதற்குச் சொந்தக்கார மை. மட்ட டஸ்ட்டையே எடுங்கள், கெட்டி டிகாஷன் போட்டுத் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். ஆறியதும் நாட்டு மருந்துக் கடை அன்னபேதியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். கண் முன்னாலேயே பழுப்பு கறுப்பாகும். கொஞ்சம் கருவேலம் பிசின் கரைத்தால் எழுத்து பரவாது. கடுக்காயில் செய்தால் இன்னும் அடர்த்தி வரும்.

பூஞ்சணம் பிடிக்கும், ரெண்டு கிராம்பு போட்டால் சில நாள் கூடத் தாங்கும். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான் இது. உள்ளே வண்டல் மிதக்கும், இங்க் பேனாவில் ஊற்றினால் கட்டை அடைத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் நிப்பைக் கழுவித் துடைத்து வையுங்கள், அமிலம் இரும்பைத் தின்றுவிடும்.